ஞாயிற்றுக்கிழமை இலை யாருடையது?

1

வேலை செய்யும் இடத்தில் யாராவது பூங்கொத்து நீட்டினால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. போன மாதம் இந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் நான் சேர்ந்து பத்து வருடம் ஆனது. மேலாளர் யூலியா மஞ்சள் பூக்களோடு வந்து, எல்லோரையும் கைதட்டச் சொல்லி, வசந்தாமணி என்ற என் பெயரை மூன்று இடத்தில் உடைத்து ஒட்டி உச்சரித்தாள். என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். நல்ல பெண்தான். நல்லவர்கள் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகம்.

ஜெர்மனியில் என்ன வேலை என்று குன்னூரில் யார் கேட்டாலும் 'ஆஸ்பத்திரியில்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். பாதிப் பேர் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தப் போகவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு நீளமான பெல்ட் ஓடும். அதன் மேல் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் வரிசையாக வரும். ஒருத்தி ரொட்டி வைப்பாள், ஒருத்தி வெண்ணெய், ஒருவர் சூப். நான் இனிப்புக் கிண்ணம் வைப்பேன், வலது மூலையில். அந்தத் தட்டு யாருக்குப் போகிறது, அவர் அதைச் சாப்பிட்டாரா, மூடியைத் திறந்தாவது பார்த்தாரா என்பதெல்லாம் பெல்ட்டின் அந்தக் கோடியில் இருக்கும் சுவருக்கு அப்பால் நடக்கும் விஷயங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

பூக்களைக் கொடுத்துவிட்டு யூலியா ஓர் அறிவிப்பும் செய்தாள். இனி புதன்கிழமை இனிப்பு என்னவென்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்யமாட்டார்களாம், பெல்ட்டில் நிற்கிற நாங்களே முடிவு செய்யலாமாம். "புதன்கிழமை உங்களுடையது. புதிதாக யோசியுங்கள்!" என்றாள். நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பக்கத்தில் வெண்ணெய் வைக்கும் ஹலினா, போலந்துக்காரி, என் காதுப் பக்கம் சாய்ந்து, "யாரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. சில வருடங்களுக்கு முன்னால், வேறொரு மேலாளர் இருந்த காலத்தில், இதேபோல் யோசனை கேட்டார்கள். ஹலினா ஆசையாக ஒன்று சொன்னாள். வெண்ணெய் தட்டையும் ஜாம் தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கை வீசும் தூரம் குறையும், தோள் வலிக்காது என்றாள். உடனே செய்தார்கள். கைதட்டினார்கள், பூவும் கொடுத்தார்கள். தூரம் குறைந்துவிட்டதால் இரண்டையும் ஒருவரே வைக்கலாம் என்று அடுத்த மாதம் கண்டுபிடித்தார்கள். ஜாம் வைத்துக்கொண்டிருந்தவள் ஹலினாவின் சிநேகிதி. அவள் வேலை போனது. ஹலினாவுக்கு இப்போது இரண்டு தோளும் வலிக்கிறது.

2

அன்று சாயங்காலம் தம்பியிடமிருந்து அழைப்பு. சண்முகம் குன்னூருக்குக் கீழே ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி அது. சுற்றுவட்டாரத்துச் சின்ன விவசாயிகளிடமிருந்து பச்சை இலை வாங்கி டீத்தூள் ஆக்குவார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த மலையில் எனக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. ஜாதகம் கோயமுத்தூர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வழக்கமாக அவன் பேச்சு லீவு, ஓவர்டைம், முழங்கால் வலி என்று மூன்றில் முடிந்துவிடும். அன்று குரலே வேறாக இருந்தது.

"அக்கா, சாப்டாச்சுங்களா? ஒரு வெசயம் சொல்லோணுமுங்க. ஞாயித்துக்கெழமை எலை இனி எங்களுதாமுங்க."

"உங்களுதுன்னா? எவன் சொன்னான்?"

"சின்ன மொதலாளிதானுங்க. ஞாயித்துக்கெழமை வர்ற எலையில வேலையாளுங்க நாங்க நாலு பேரும் என்ன டீ வேணுமின்னாலும் போட்டுக்கலாமாம். வாட்டறதுல இருந்து சலிக்கறது வரைக்கும் நாங்களே. சூப்பர்வைசர் அன்னிக்கு உள்ளயே வர மாட்டாருங்க."

"எதுக்குடா அவருக்குத் திடீர்னு இத்தனை தாராளம்?"

"எதுக்குன்னா... புதுசா எதாச்சும் செய்வோம்னுதானுங்க்கா."

சின்ன முதலாளி என்பவர் பெரிய முதலாளியின் மகன். வெளியூரில் நிர்வாகம் படித்துவிட்டு இரண்டு வருடமாகத்தான் ஃபேக்டரிக்கு வருகிறார். அங்கேயும் வேலை எங்கள் பெல்ட் மாதிரிதான் இருந்தது. இலையை வாட்டுகிறவர் வாட்டுவார், வெட்டுகிறவர் வெட்டுவார், டிரையரில் நிற்பவர் டிரையரிலேயே நிற்பார். சலிக்கிற இடத்தில் பெண்கள். சண்முகம் எந்த மெஷின் நின்றதோ அங்கே ஓடி, அதை ஓட வைத்துவிட்டு, அடுத்ததுக்கு ஓடுவான். இத்தனை வருடத்தில் ஒரு கூடை இலை முழுவதுமாக டீயாக மாறுவதைக் கூடவே நின்று அவன் பார்த்ததில்லை என்று அன்றுதான் சொன்னான். மலையில் பிறந்தவன், டீ ஃபேக்டரியில் சம்பளம் வாங்குகிறவன். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"தேவகியக்காகூட எங்ககூடத்தானுங்க," என்றான். தேவகியக்கா சலிப்பில் வேலை செய்பவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். இன்றைக்கும் இலை என்று சொல்லமாட்டார், கொழுந்து என்பார். எங்கள் அம்மாவோடு சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்.

"நல்லதுதான்டா. சென்னைக்கு டிக்கெட் போட்டுட்டயா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கலாமுங்க்கா," என்றான். போட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு உடனே உறைத்தது.

3

சென்னையில் அவனுக்கு வேலை விசாவுக்கான நேர்காணல். என் கணவர் செந்தில் இங்கே இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயே சண்முகத்துக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் அவனுடைய ஐடிஐ படிப்பு ஜெர்மன் படிப்புக்குச் சமம் என்று நிரூபிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஓர் அலுவலகம் மொழிபெயர்ப்பு கேட்டது. மொழிபெயர்த்துக் கொண்டுபோனால், மொழிபெயர்த்தவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று இன்னொரு அலுவலகம் கேட்டது. 'ஃபிட்டர்' என்றால் எதைப் பொருத்துவார் என்றார்கள். எதை வேண்டுமானாலும் என்றேன். அப்படியொரு வேலை அவர்கள் பட்டியலில் இல்லையாம். எதையாவது ஒன்றைச் சொல் என்றார்கள். உருளைகள் என்று சொல்லி வைத்தேன்.

ஒருமுறை பதற்றத்தில் அந்த அதிகாரி அம்மாளை ஒருமையில் அழைத்துவிட்டேன். எங்கள் பக்கம் தெருவில் போகிற பூனையைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவோம். நான் போய் ஒரு அரசு அதிகாரியை 'நீ எப்போது கையெழுத்துப் போடுவாய்' என்று கேட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கூட வந்த என் மகள் நிலா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிலாவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். மாமாவை அவளுக்குத் தெரியும், ஆனால் கைபேசித் திரையின் அளவுக்குத்தான் தெரியும். சண்முகம் இங்கே வந்துவிட்டால் வீட்டில் தமிழ் பேச இன்னொரு வாய் இருக்கும், பொங்கலுக்கு இன்னொரு தட்டு இருக்கும். வெளியே சொல்வது அவன் எதிர்காலத்துக்காக என்று. உண்மையில் எனக்குத் துணை வேண்டும். இதை மறைத்து எழுதி என்ன பிரயோஜனம்?

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இலை எனக்குப் பிடிக்கவே இல்லை. தூண்டிலில் மாட்டிய புழு மாதிரி இருந்தது. சரியாக அவன் கிளம்பப் போகிற சமயத்தில், இத்தனை வருடம் இல்லாத உரிமையைத் தூக்கிக் கொடுக்க ஒருவருக்கு எப்படித் தோன்றும்?

'உங்களுது' என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாருமே லேசாக எடுத்துக்கொண்டதில்லை. அப்பா எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த மேனேஜர் நாற்காலி மேல் ஏறி நின்று 'இந்த எஸ்டேட் உங்களுடையது' என்று பேசினாராம். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அடுத்த வாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. எஸ்டேட் உங்களுடையது என்பதால் ஆபீஸ் ஆட்கள் இனி ஞாயிற்றுக்கிழமையும் இலை எடை போட வரவேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "எஸ்டேட்டு நம்முளுதாயிப்போச்சு. லீவு மட்டும் அவங்களுதாயிப்போச்சு," என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த முறை சண்முகம் கூப்பிட்டபோது இதை ஞாபகப்படுத்தினேன்.

"அது அப்பா காலமுங்க்கா."

"காலம் என்ன காலம். ஒண்ணே ஒண்ணு கேளு அந்த ஆளுகிட்ட. எலை கெட்டுப்போனா யாரு தலையிலன்னு கேளு."

"அதெப்படிங்க்கா கேக்கறது? நம்பிக் குடுத்திருக்கறாரு. கெட்டுப்போனான்னு மொதல்லயே கேட்டா அபசகுனமாட்ட இருக்காது?"

"கேக்கறதுக்கு வாய் வராத எடத்துல காலை வைக்காத."

"நீங்க அங்க கேட்டீங்களா? புதங்கெழமை உங்களுதுன்னு சொன்னாங்களே, கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. அதை அவனிடம் ஒப்புக்கொள்ளவும் இல்லை. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

4

எங்கள் முதல் புதன்கிழமையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். போலந்து, எரித்ரியா, சிரியா, துருக்கி, ஜெர்மனி, குன்னூர். ஆறு இடத்து நாக்குகள். ஆளுக்கொரு பாயசம் சொல்லியிருந்தாலும் ஆஸ்பத்திரி மணத்திருக்கும். யூலியா பேனாவோடு காத்திருந்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சேமியா பாயசம் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னால், நல்லது, நீயே காய்ச்சு என்று வேலை தலையில் விழும். பால் பொங்கிவிட்டால் பேச்சு வேறு விழும். கடைசியில் ஹலினா, "வனிலா புட்டிங்," என்றாள். எல்லோரும் வேகமாகக் கை தூக்கினோம். எத்தனையோ வருடமாகப் புதன்கிழமைதோறும் கொடுத்துக்கொண்டிருந்ததும் அதே வனிலா புட்டிங்தான். யூலியாவின் முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக வாயைத் திறக்க முடியுமா?

குன்னூரில் நடந்தது வேறு. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு வீடியோவாக வந்து குவிந்தது. ஃபேக்டரியின் மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த ஒரு பழைய உருட்டும் மெஷினைச் சண்முகம் வெளியே இழுத்திருக்கிறான். முன்பெல்லாம் இலையைத் தூளாக வெட்டாமல், முழுசாக முறுக்கி எடுக்க அதைத்தான் பயன்படுத்துவார்களாம். மேட்டுப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் அதற்கு வேண்டிய பாகத்தைக் கடைந்துகொண்டு வந்து பொருத்திவிட்டான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. பிக்கட்டி என்ற ஊர்ப் பக்கம் இரண்டு விவசாயிகளிடம் நேரில் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இளசாகக் கிள்ளித் தரச் சொல்லியிருக்கிறான். அதையும் யாரும் சொல்லவில்லை. யாரையும் போய்ப் பார்க்கக் கூச்சப்படுகிற பையன். பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்தவன்.

ஒரு வீடியோவில் தேவகியக்கா வாட்டிய இலையைக் கையில் அள்ளிக் காட்டினார். "இங்க பாருங்க வசந்தா, முப்பது வருசமா நான் கண்டதெல்லாம் தூளுதான். இப்பதான் கொழுந்து டீயா ஆகுறத முழுசாப் பாக்குறேன்," என்றார். பின்னால் சண்முகத்தின் சிரிப்புச் சத்தம். நான் அந்த வீடியோவை மூன்று நான்கு முறை பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சந்தேகமும் கூடவே வளர்ந்தது. இவ்வளவு உழைக்கிறார்களே, நாளைக்கு இந்த முறுக்கு டீ நன்றாக விலை போனால் பாக்கெட்டில் யார் பேர் இருக்கும்?

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் அம்மா," என்றாள் நிலா. இதை மட்டும் அவள் தமிழில் சொன்னாள்.

5

நான்காவது ஞாயிறு முடிந்து, அந்த வாரத்தின் நடுவில் சண்முகம் கூப்பிட்டான். எடுத்ததும் "சாப்டாச்சுங்களா" என்று கேட்கவில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை டிரையரின் விறகு அடுப்பில் எங்கேயோ விரிசல். சூடான காற்றோடு புகையும் உள்ளே வந்துவிட்டது. அன்றைய டீ முழுவதும் கரி வாசம். அழகாக முறுக்கிய இலை, வாயில் வைக்க முடியவில்லை. நான்கு பேரும் கொட்டி வைத்ததைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். தூள் கெட்டுப்போனால் மேலே சொல்லமாட்டார்கள். சொன்னால் சம்பளத்தில் பிடித்தம், ஏச்சு. அதனால் கெட்டதை எடுத்து அடுத்தடுத்த நாள் தூளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுவார்கள். பெரிய குவியலில் ஒரு கை கெட்டது போனால் யார் நாக்குக்குத் தெரியப் போகிறது? அப்படித்தான் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பிழைத்துவந்தார்கள்.

"எங்க கையி தானாப் போயிருச்சுங்க்கா," என்றான் சண்முகம். "நானும் தேவகியக்காவுமா நொறுக்குனோம். உருட்டுன எலையாவே இருந்தா தூளுக்குள்ள தெரிஞ்சுபோயிருமில்லீங்களா. நொறுக்கித் திங்கக்கெழமை தூளுல கலந்துட்டோமுங்க."

ஆசை ஆசையாக உருட்டியதை அவர்களே கையால் நொறுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இது ஒரு கை அளவு கெட்டது இல்லை, ஒரு நாள் முழுக்கச் செய்தது. திங்கட்கிழமைக் குவியல் மொத்தமும் புகைந்துவிட்டது. ஏலத்துக்குப் போன சாம்பிளைச் சுவை பார்க்கிறவர் திருப்பி அனுப்பிவிட்டார். சின்ன முதலாளி கீழே இறங்கி வந்து, சலிக்கிற இடத்தில்தான் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மறுநாள் காலையில் எல்லோரையும் நிற்கச் சொல்லியிருக்கிறார். சலிக்கிற இடம் என்றால் தேவகியக்கா.

"உன்ற இன்டர்வியூ நாளான்னிக்குத்தானே?"

"ஆமாங்க."

"அப்ப நாளைக்குக் காலையில பஸ் ஏறு. உடம்பு சரியில்லைன்னு சொல்லிப்போட்டு மேட்டுப்பாளையம் போய் ரயிலப் புடி. நான் அப்பவே சொன்னனா இல்லையா? இனி அந்தப் பக்கமே திரும்பிப் பாக்காத. இங்க வந்துட்டா உன்னைய யாரு கேக்கப் போறாங்க?"

"தேவகியக்காளைக் கேப்பாங்களேக்கா."

ஒரு நிமிடம் அந்த அம்மாள் கையில் அள்ளிக் காட்டிய இலை கண்ணில் வந்து நின்றது. ஆனாலும் சொன்னேன். தம்பி என்னிடம் வந்து சேரவேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது. "தேவகியக்காளுக்கு இன்னும் எத்தனை வருச சர்வீஸ்? ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ கெளம்பு," என்றேன்.

"வெக்கறனுங்க்கா," என்று வைத்துவிட்டான்.

6

மறுநாள் பெல்ட்டில் நிற்கும்போது இரண்டு தட்டுகளைக் கிண்ணம் வைக்காமல் விட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அவன் ரயிலில் இருக்கிறானா, ஃபேக்டரி முற்றத்தில் நிற்கிறானா என்பதே நினைப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அழைப்பு வந்தது. செந்திலும் பக்கத்தில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னணியில் மெஷின் ஓடும் இரைச்சல் கேட்டது. அப்படியென்றால் அவன் ஃபேக்டரியில்தான் இருக்கிறான்.

தேவகியக்காவைக் கேட்பதற்கு முன்னால் இவனே முன்னால் போய், நாங்கள்தான் கலந்தோம், நான்தான் நொறுக்கினேன் என்று சொல்லிவிட்டானாம். பெரிய முதலாளியும் அங்கே இருந்திருக்கிறார். சின்னவர் கத்தவில்லை. அதுதான் இவனுக்குப் பயமாக இருந்ததாம்.

"'ஞாயித்துக்கெழமை டீ கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லலை?'ன்னு கேட்டாருங்க. சொன்னாப் புடிப்பீங்கன்னு பயமுங்கன்னேன். 'புடிப்பேன்னு நான் சொன்னனா?'ன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"'நீங்க புடிப்பேன்னு சொல்லலீங்க. புடிக்க மாட்டேன்னும் சொல்லலீங்களே'ன்னு கேட்டுப்போட்டனுங்க்கா."

செந்தில் என்னைப் பார்த்தார். நான்கு வாரத்துக்கு முன்னால் கேட்கச் சொன்ன கேள்வியை, கூச்சப்படுகிற என் தம்பி, எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று கேட்டுவிட்டான். பெருமையாக இருந்தது. அதே நொடியில் வேலை போயிருக்கும் என்று பயமாகவும் இருந்தது.

சின்னவர் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமை இலை கெட்டால் அது ஃபேக்டரியின் நஷ்டம், யார் சம்பளத்திலும் கை வைக்கமாட்டேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம். திங்கட்கிழமை தூளில் கலந்ததற்கு மட்டும் இவனுக்குப் பிடித்தம் உண்டு, அதில் மாற்றம் இல்லை என்றாராம். பெரியவர் எழுந்து போய்விட்டாராம்.

"பெரியவரு எந்திரிச்சுப் போனாரில்ல? நாளைக்கு மகனைக் கூப்புட்டு மாத்திச் சொல்லச் சொன்னா என்ன பண்ணுவே?" என்றேன்.

"சொல்லலாமுங்க."

"வாய்ப்பேச்சுதானே? எழுத்துல ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

"அப்பறம் எதை நம்பி இருக்கறே?"

"நம்பிட்டேன்னு நான் எங்கீங்க சொன்னேன்?" என்றான். "வார ஞாயித்துக்கெழமைக்குப் பிக்கட்டியில எலை சொல்லியாச்சுங்க. டிரையரு விரிசலை இப்பத்தான் அடைச்சுட்டிருக்கறேன்."

நாளைக்கு நேர்காணல். அவன் கிளம்பவில்லை. கிளம்பப் போவதும் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள், கேட்ட பேச்சுகள், அவனுக்கென்று ஒழித்து வைத்த அறை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது, மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அங்க வந்தா எனக்கு என்ன வேலைங்க?"

செந்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல கம்பெனி மாப்ளே. மெஷின்ல நிக்கோணும். பீஸை உள்ள வைக்கோணும். பச்சை லைட்டு எரிஞ்சா வெளிய எடுக்கோணும்."

"செரிங்க. அப்பறமுங்க?"

செந்தில் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையைப் பற்றி அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

"அப்பறம் அடுத்த பீஸு வரும் மாப்ளே," என்றார்.

அந்தப் பக்கம் யாரோ சண்முகத்தைக் கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன்," என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, "வெக்கட்டுங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டான். அந்தச் சின்ன முதலாளியை நான் இன்றைக்கும் நம்பவில்லை. வரமாட்டேன் என்று சண்முகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வா என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "வெய்யி கண்ணு, கூப்புடறாங்க பாரு," என்றேன்.